தகடு கிழித்த கை அல்ல

கார் ஃபேக்டரியில் எங்கள் லைனில் வேலை தொடங்கும் முன் தினமும் சேஃப்டி பேச்சு நடக்கும். ஒருநாள் சூப்பர்வைசர் கீறல் விழுந்திருந்த என் கையைப் பிடித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "பாத்துக்கினீங்களா? கைக்கு ஸ்லீவ் ஒற போடாம தகட்டத் தொட்டா இப்டித்தான். இன்னாம்மா, கை உன்னுதா, கம்பெனியோடதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அந்தக் கீறல்களைத் தகடு போடவில்லை. நானே போட்டுக்கொண்டவை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒருத்தருக்குமா உறைக்கவில்லை? கார் கதவில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் விளக்கடித்துக் கண்டுபிடிக்கிற கண்களாயிற்றே! வீட்டிலோ, கல்யாணப் பேச்சு நின்றுபோனதற்கு "உன் வாய்தான் காரணம்" என்று போனில் திட்டிக்கொண்டிருந்தார்கள். லைனிலும் கத்த முடியாது, வீட்டிலும் கத்த முடியாது. கத்தாத கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது. இப்படிச் செய்தால் அடங்கிவிடும் என்று மனசு ஏமாற்றும். எங்கே அடங்கியது? வெட்கமும் சேர்ந்துகொண்டு இரட்டிப்பாக வந்தது. மண்ணாங்கட்டி நிம்மதி!

அன்று ஷிஃப்ட் முடிந்து சுங்குவார்சத்திரத்து அறைக்குத் திரும்பினோம். என்னோடு தங்கியிருந்த திருநெல்வேலிக்காரியும் அதே லைன்தான். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"இது தகடு கிழிச்சது இல்லல்லா?"

"உன் வேலயப் பாத்துக்கினு போடி."

"ஏசு, நல்லா ஏசு. ஏட்டி, செத்துரணும்னு தோணுதா?"

அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது. இவ்வளவு பச்சையாகவா ஒருத்தி கேட்பாள்? திட்டத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாண்டி" என்று வந்துவிட்டது.

அவள் புத்தி சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் எங்கயும் போவல. காலைல ரெண்டு பேரும் லீவு போட்டுட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். மனசுக்குப் பாக்க டாக்டர் இருக்காவ."

"பைத்தியம்னு பேசுவாங்கடி."

"பேசட்டும். நீ உசுரோட இருந்து கேளு."

போனோம். மாத்திரையும் பேச்சுமாக இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த நினைப்பு இப்போதும் சில நாள் வரும். வந்தால் மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுகிறேன். லைனில் சிலர் பைத்தியம் என்று பேசத்தான் செய்கிறார்கள். இருந்து கேட்கிறேன். நன்றாகத் திருப்பியும் கொடுக்கிறேன்.