எக்ஸ்ரேயில் விழுந்த நிழல்

அந்தத் தகட்டின் குளிர் இருக்கிறதே... அப்பப்பா! ஹட்டன் மழையில் தெப்பமாக நனைந்துபோய், நெஞ்சை அதில் ஒட்டிக்கொண்டு நின்றபோது பல்லெல்லாம் கிட்டிவிட்டது.

"மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றார்கள். பிடித்தேன். டீச்சர் வேலைக்கான மெடிக்கல். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலேயே முதல் கவர்மெண்ட் வேலை. விடுவேனா?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பொறுமை எங்கே! பஸ் ஸ்டாண்டிலேயே உறையைப் பிரித்துவிட்டேன். முழுக்க இங்கிலீஷ். தட்டுத்தடுமாறிப் படித்ததில் இரண்டுதான் விளங்கியது. வலது நுரையீரலின் மேலே ஒரு நிழல். அப்புறம்... டீபீ.

வேலை போனதென்றே நினைத்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, எனக்கென்று ஒரு கோப்பையைத் தனியாக எடுத்துவைத்தேன். அம்மாவோ, நான் பாதி குடித்து வைத்த தேத்தண்ணியை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"அம்மா, வேணாம்மா! ஒட்டிக்கும்!"

"ஒனக்கு வந்தா எனக்கும் வரட்டும். போடி!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் வேலையைப் பற்றி நினைக்கவே இல்லை. இந்த மனுஷிக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்றுதான் பயம்.

மறுநாள் இரண்டு பேரும் டவுனில் ஒரு டொக்டரிடம் போனோம். சிங்களப் பெண்மணி, தமிழ் கொஞ்சம் பேசுவார். ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு ஓரமாக வைத்தார். இருமல் இருக்கா, காய்ச்சல் வந்ததா, உடம்பு மெலிந்ததா... எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"படம் எடுக்கிற நேரம் இந்தச் சடை எங்க இருந்திச்சி?"

முன்னால்! வலது தோளில்! ஈரமாக இருந்ததே என்று நான்தான் எடுத்து முன்னால் போட்டிருந்தேன். அந்த நாளில் என் சடை கைத்தடிப்பு இருக்கும்.

"ரிப்போர்ட் எழுதின டொக்டர் ஒங்கள பாக்கல்லதானே. அவர் டீபீன்னு சொல்லல்ல. டீபீயான்னு பாக்கச் சொல்லியிருக்கார். ஆளப் பாக்கிறது என்னோட வேல."

கொண்டை போட்டுக்கொண்டு மறுபடி எடுத்தோம். நிழலைக் காணோம்!

அம்மா அந்த டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "நீங்க நல்லா இருக்கணும் தாயி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே வந்ததுதான் தாமதம், நடுரோட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சனியனே! ஒரு ராத்திரியில என்னையக் கொன்னுட்டியேடி! மசுர ஒழுங்கா முடிஞ்சிக்கத் தெரியாது, இவ டீச்சராம்!"

ரோட்டில் போனவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடுகிறது. போன வாரம் எனக்கு ஒரு ஸ்கேன். இங்கிலீஷ் இப்போது நன்றாகவே விளங்குகிறது, அதனால் பயமும் கூடத்தான். டொக்டர் ஸ்கிரீனைப் பார்த்தபடியே "ஒண்ணுமில்ல" என்றார். வீட்டு குரூப்பில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு என்னைத் திட்டித் தீர்க்க... அம்மா இல்லையே.