கதிரையின் பின்னால் தொங்கிய பை

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நான் செய்ததை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

என் கணவருக்குச் சிறுநீர் போகச் சலக் குழாய் போட்டு அப்போது இரண்டு மாதம். அதன் நுனியில் இருந்த பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், மேலே தூக்கினால் சலம் திரும்பி உள்ளே போகும் என்று வீட்டுக்கு வந்த தாதி பிரெஞ்சிலும் கையாலும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கீழே விட்டால் வருகிறவர்களின் கண்ணில் படுமே. நான் அதைத் தூக்கி அவருடைய கதிரையின் முதுகில் கொளுவி, சால்வையால் மூடினேன்.

"நோகுது, கீழ விடும்" என்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்திட்டுப் போகுமட்டும் பொறுங்கோ. பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுக்காதேங்கோ."

புவாண்ட்-கிளேர் என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். தகப்பனுக்கு அவசர வேலையாம். மூன்று மணித்தியாலம் இருந்தார்கள்.

"அண்ணைக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?" என்று அந்த அம்மா என் கணவரைக் காட்டிக் கேட்டார்.

"சந்தோசத்தில" என்றேன்.

மறுநாள் காய்ச்சலில் நடுங்கியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சம்பந்தம் சரிவந்திருந்ததால் அந்த அம்மா பார்க்க வந்தார். கட்டிலோரம் பை தொங்கியது. மறைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"எங்கட இவருக்கும் உந்தப் பைதான். ஆக்கள் பார்ப்பினம் எண்டு அண்டைக்கு அவரை வீட்டில விட்டிட்டு வந்தனான்."

நித்திரை என்று நான் நினைத்திருந்த என் கணவர் கண் திறக்காமலே சொன்னார்:

"நல்ல பொருத்தம்."

கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் மணமக்களைப் பார்த்து அதையேதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் இருந்த என் கணவரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தேன்.