அப்பாவின் தோளும் என் இருமலும்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் பெங்களூர் காக்ஸ் டவுன் தெருக்காரர்களும் அவரைச் சிரித்த முகத்தோடுதான் நினைவில் வைத்திருப்பீர்கள். பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, அவசரமே இல்லாமல் நிற்பவர் அவர். மகளாகிய எனக்குத் தெரிந்த அப்பா வேறு. எங்கள் வீடு பல வருஷம் பயந்து பயந்து வாழ்ந்த வீடு. அதை எழுதலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "இனிமே யாருக்குப் பயப்படணும், எழுது" என்றார்.

அப்பா ஆற்காட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். பெற்றோரை இளமையிலேயே இழந்து, ஜோலார்பேட்டையில் ரயில் வேலையில் இருந்த தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். படிப்பு அதிகம் இல்லை. ரயில்வேக்காரர்களோடு ஆடிப் பழகியதில் பந்து வீச வந்தது. கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளத்தில் அவர் விரலைச் சற்றே திருப்பினால், பந்து தரையில் பட்டதும் போகிற திசையை மாற்றிக்கொள்ளும். ஒரு முறை பெங்களூரிலிருந்து ஆட வந்த மர வாடி முதலாளி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் சேர்த்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதலாளிக்குச் சொந்தமாக ஒரு கிரிக்கெட் கிளப் இருந்தது. அதில் பெரும்பாலோர் எங்கள் தெருவிலேயே பிறந்து, அதே மைதானத்தில் ஆடி வளர்ந்த பிள்ளைகள். அப்பாவைப் போல் வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர். அப்பாவுக்கு வாடியில் மரம் அளக்கும் குமாஸ்தா என்று பெயர். வாடிக்குப் பின்னால் ஒரு வீடும் கிடைத்தது. உண்மையில் மரம் அளந்தது வேறொருவர். அப்பாவின் வேலை பந்து போடுவது. கை ஓடும் வரை வேலை, வேலை இருக்கும் வரை வீடு. இதை யாரும் எங்களிடம் உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் தெரியும்.

தெருவில் எங்களை யாரும் வெறுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா நடந்து போனால், "கூலிக்கு மாரடிக்க வந்திருக்காரு" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அப்பா ஆடினால் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் பந்து போடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

அப்படி நின்றவர் எதிர் வீட்டு அந்தோணி அண்ணன். லூர்து அத்தையின் ஒரே மகன். அவருக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். அப்பாவைப் போலவே பந்து வீசுவார், அப்பாவைவிட வேகமாக. ஆனால் அந்த இடம் அப்பாவுடையது. ஆகவே அந்தோணி அண்ணன் ஃபீல்டிங்குக்கு மட்டும் அணியில் இருந்தார். மற்றத் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து காலையில் பாயை விரித்து ஆணி அடிப்பதும் மாலையில் சுருட்டுவதும் அவர் வேலை. சம்பளக்காரர்கள் பாயைத் தொடும் வழக்கம் அந்தக் கிளப்பில் இல்லை.

எனக்கு எட்டு வயது நடந்தபோது அப்பாவின் வலது தோள் கெட்டது. எப்போது, எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. பரணிலிருந்த பானையை எடுக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையை ஒரே வட்டமாகச் சுற்றிப் பந்து போடுவதை எப்படியோ பல்லைக் கடித்துச் சமாளித்தார். ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு விரலை மட்டும் நம்பினார். ஆனால் தூரத்திலிருந்து பந்தை எறிய முடியாது. எறிய வேண்டி வந்தால் முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

அம்மா தினமும் நீலகிரித் தைலத்தைச் சுடவைத்துத் தேய்ப்பார். அந்தத் தைலத்தின் வாசனை சும்மா இருக்குமா? வாடி வரைக்கும் போகும். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா தவித்துப்போனார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். என் நெஞ்சிலும் கழுத்திலும் தைலத்தைப் பூசி, ஒரு கம்பளித் துணியைச் சுற்றி, "பாப்பாவுக்கு நெஞ்சுச் சளி, விடவே மாட்டேங்குது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வெளியே யாராவது வந்தால் இருமு என்று எனக்கு உத்தரவு. எனக்கு இரும வராது. வாயைத் திறந்தால் சிரிப்புதான் வரும். ஆகவே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதன் பலனை நான் அனுபவித்தேன். என்னோடு விளையாட வேண்டாம் என்று சில வீடுகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டார்கள். பின்னாளில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "சின்ன வயசுல நெஞ்சு வீக்காமே" என்று விசாரித்தார்கள்.

லூர்து அத்தை மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வாரந்தோறும் ஆட்டுக்கால் சூப் கொண்டுவருவார். அதையும் அமைதியாகக் கொண்டுவர மாட்டார். வாடி வாசலில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, தெருவே கேட்கும்படி, "ஏம்மா, பாப்பாவுக்கு இருமல் தேவலையா? ராவெல்லாம் இருமுச்சே, எங்க வூட்டுக்குக் கேட்டுதே" என்பார். அம்மா அவசரமாகக் கதவை ஒருக்களிப்பார். மகனுக்கு இடம் பிடிக்க வேவு பார்க்கிறாள், நம் வாயைக் கிளறுகிறாள் என்று நினைத்தார். சூப்பை வாங்கி வைத்துவிட்டு, அவர் போன பிறகு அதைத் தொடக்கூட யோசிப்பார்.

அந்த வருஷம் பட்டாளத்து அணியோடு பெரிய பந்தயம் ஏற்பாடானது. அதற்கு முன் ஒரு மாலையில் முதலாளி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"பாருப்பா, தெருப் பசங்க சான்ஸ் கேக்கறாங்க. உன் பந்துல பழைய வேகம் இல்லேன்னு எனக்கும் தோணுது. இந்த மேட்ச் பாக்கறேன். சரி வரலேன்னா பொங்கலுக்குள்ள வூட்டைக் காலி பண்ணிடு. மனசுல வச்சுக்காதே."

அவர் கெட்டவர் இல்லை. வாடியில் ஓடாத ரம்பத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. அப்பா சிரித்தபடி சரிங்க என்றார். உள்ளே வந்தவர் விளக்கை ஏற்ற விடாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பும் பின்பும் அப்பாவை அப்படி நான் பார்த்ததில்லை.

பந்தயத்தன்று நானும் அம்மாவும் மைதானத்து ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் முதலாளி. அப்பா பந்து போடும்போதுகூட எங்களுக்கு அவ்வளவு பயமில்லை. ஓவர் முடிந்து அவர் எல்லைக் கோட்டுப் பக்கம் போய் நிற்கும்போதுதான் உயிர் போகும். பந்து அவரிடம் வரக் கூடாது என்று அம்மா எந்தெந்தத் தெய்வத்தையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பந்து வந்தது. நேராக அப்பாவை நோக்கி. பட்டாளத்துக்காரர்கள் இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். எங்கிருந்தோ அந்தோணி அண்ணன் "வுடுங்க வுடுங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, அப்பாவை இடித்துத் தள்ளாத குறையாகப் பந்தைப் பொறுக்கி எறிந்தார். கூட்டம் சிரித்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. அப்பா எங்கே நின்றாலும் அந்தோணி அண்ணன் பக்கத்திலேயே நின்றார். "பையன் காலைப் பாருங்க" என்று முதலாளி யாரிடமோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

"நம்ம சோத்துல மண்ணு போடறான்டி" என்றார், மிக மெதுவாக.

ஆனால் அன்று அப்பாவின் விரல்கள் கைவிடவில்லை. பாய் அவர் பக்கம் இருந்தது. மாலைக்குள் பட்டாளத்து அணி மொத்தமும் ஆட்டமிழந்து தோற்றது. முதலாளி வீட்டைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் அப்பா போய்ப் பாயின் ஒரு முனையை இடது கையால் பிடித்துச் சுருட்டினார். அன்று முதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்படித்தான். அம்மாவுக்கு அதுவும் பயம். ஜெயித்தவரைப் பாய் தூக்க வைத்துவிட்டார்களே, இது வெளியே அனுப்புவதற்கு முதல் படி என்று அழுதார்.

அப்புறமும் சில வருஷம் அந்தப் பயத்திலேயே கழிந்தது. தினமும் பொழுது விடிந்தால் அப்பா வாடிக்குப் போய், பெயருக்கு இருந்த வேலையை நிஜமாகவே கற்றுக்கொண்டார். யுத்தம் வந்து மைதானத்தில் ராணுவக் கூடாரங்கள் முளைத்தபோது கிளப் கலைந்தது. அதற்குள் மரத்தைப் பார்த்ததும் அளவு சொல்லும் குமாஸ்தாவாகிவிட்டிருந்தார். வீடும் வேலையும் தங்கின. அந்தோணி அண்ணன் தந்தி ஆபீசில் சேர்ந்துவிட்டார். கிளப்புக்காக அவர் முழு ஆட்டம் பந்து போட்டதே இல்லை.

சென்ற ஆண்டு அப்பா படுத்த படுக்கையானபோது, அவரைத் தூக்கி உட்காரவைக்க வந்தவரும் அந்தோணி அண்ணன்தான். ஒரு நாள் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, கையை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இந்த வாசனை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும் பாப்பா. மைதானத்துல உங்கப்பா பக்கத்துல நின்னாலே அடிக்கும். மொதல்ல மொதலாளிகிட்ட சொல்லிடலாம்னுதான் கெளம்பினேன். எங்கம்மா வாசல்ல நிறுத்தினாங்க. அந்தப் பொண்ணு ஒரு நாளும் இருமினதில்லடா, அப்போ தைலம் யாருக்குன்னு யோசி, யோசிச்சுட்டு அப்புறம் போன்னாங்க. நான் போகல."

அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம எதுக்குப் பாய் புடிச்சாரு?" என்றார்.

கட்டிலில் அப்பா கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் சிரித்தது. அடுத்த வாரம் அவர் போய்விட்டார்.

அப்பாவின் இறுதிக் காலத்தில் உதவிய வாடி நண்பர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த பழைய கிளப் பிள்ளைகளுக்கும், எங்களோடு இருந்து துக்கம் பகிர்ந்த சுற்றத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. லூர்து அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அந்தோணி அண்ணன் இதை அவருக்குப் படித்துக் காட்டுவார். அவருக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்.

அத்தை, நீங்கள் கொண்டுவந்த சூப்பை நாங்கள் ஒரு நாளும் கீழே கொட்டவில்லை. பயந்துகொண்டேதான் வாங்கி வைத்தோம். அத்தனையும் அப்பாதான் குடித்தார்.