பத்து நாள் பார்த்த நாய்

செத்த மாட்டைத் தோலுரிப்பது என் வேலை. ஓசூருக்குப் பக்கம், மத்திகிரி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கரடு இருந்தது. சுற்று வட்டாரத்தில் எந்த மாடு செத்தாலும் வண்டியில் அங்கேதான் வரும். தோலை உரித்து, தோல் வாங்குகிற பாயிடம் போடுவேன். மிச்சம் கழுகுக்கு.

கத்தியைத் துடைத்துக்கொண்டு இருபது அடி தள்ளிப் போனால் போதும், பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கும். நாய்கள் தூர நின்று குரைக்கும், கிட்ட வராது. நான் இரண்டு மூன்று பீடி குடிப்பதற்குள் எலும்புதான் கிடக்கும். ஒட்டியிருப்பது காக்கைக்கும் எறும்புக்கும். மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் புல் கருகருவென்று வரும். உயிரோடு இருக்கிற மாடு அதை மேயும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தினம் பார்த்தது.

தொண்ணூறுகளில் கழுகு குறைந்தது. ஒரு நாள் புளியமரத்தில் ஒன்று கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. கல்லெறிந்தேன், பறக்கவில்லை. மூன்றாம் நாள் கீழே கிடந்தது. கம்பெனிப் புகை என்றார்கள். மாட்டுக்குப் போடுகிற வலி ஊசிதான், அந்த மாட்டைத் தின்றுதான் செத்தது என்று ரொம்பப் பின்னால் கேள்விப்பட்டேன். அடுத்த வருஷத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

மாடு மட்டும் வந்துகொண்டிருந்தது. உரித்தது உரித்தபடி வாரக்கணக்கில் கிடந்தது. நாய்கள் கிட்ட வந்தன. கொழுத்தன. போட்ட குட்டியெல்லாம் பிழைத்தது.

கரட்டை ஒட்டி கம்பெனி ஆட்களுக்கு லைன் வீடு கட்டியிருந்தார்கள். நாங்களும் அதில் ஒன்றில் இருந்தோம். என் வீட்டுக்காரிக்கு பிஸ்கட் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். கரட்டு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். ஒரு நாள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். காலில் ரத்தம்.

"செவலைப் பொட்டை நாய். வலது காது ரெண்டா கிழிஞ்சிருந்துச்சு" என்றாள். அழவில்லை.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"தொப்புளைச் சுத்தி தினம் ஊசி போடணும்" என்றார் டாக்டர். "நாயைப் பாத்துக்கிட்டே இருங்க. பத்து நாள் உசுரோட இருந்தா அதுக்கு வெறி இல்ல, பயமில்ல. செத்தாலோ காணாமப் போனாலோ உடனே சொல்லுங்க. அடிச்சுக் கொன்னுடாதீங்க."

வீடு வந்தபோது லைனில் எல்லார் கையிலும் தடி. பக்கத்து வீட்டுக்காரர் தெற்கத்தி ஆள், லேத்தில் வேலை.

"அண்ணாச்சி, கறியில மருந்து வச்சிருவோம். ஒரே நாள்ல சோலி முடிஞ்சிரும்" என்றார்.

"பத்து நாள் பொறுங்க. அப்புறம் நானே வெக்கறேன்."

"பொண்டாட்டியக் கடிச்ச நாய்க்கு வாட்ச்மேன் வேலையா?"

"ஆமா" என்றேன்.

தினம் காலையில் போனேன். முதல் கறித் துண்டை அந்த நாய்க்குத்தான் எறிவேன். தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, தாடை தொங்குகிறதா என்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் அவள் ஒன்றுதான் கேட்பாள்.

"இருக்குதா?"

"இருக்குது."

அதற்கப்புறம்தான் டீ குடிப்பாள். அவள் டீ குடிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்னையும் நாயப் பாக்கற மாதிரியே பாக்கறீங்க" என்றாள் ஒரு நாள்.

ஏழாம் நாள் நாயைக் காணவில்லை. கரடு முழுக்கச் சுற்றினேன். ஏரிக்கரை வரை போனேன். இல்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"இருக்குதா?"

"இருக்குது" என்றேன். பொய்.

எட்டாம் நாள் காலை ரோட்டுக்கு அடியில் போகிற குழாயில் உறுமல் கேட்டது. குனிந்து பார்த்தேன். கிழிந்த காது. வயிற்றை ஒட்டி ஐந்து குட்டி. சட்டியில் தண்ணீர் வைத்தேன். நக்கி நக்கிக் குடித்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போய், "இருக்குது, குட்டி போட்டிருக்குது" என்றேன்.

பத்தாம் நாளும் இருந்தது. இனி ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

"அதுக்குக் குட்டி இருக்குதே" என்றாள் அவள், வரும் வழியில்.

"மருந்து வெக்கறேன்னு லைன்ல சொல்லிட்டேன்" என்றேன்.

பதினோராம் நாள் கறியில் பூச்சிமருந்து கலந்து வைத்தேன். காது கிழிந்ததுதான் முதலில் வந்தது. பத்து நாள் பழக்கம்.

சாயந்திரத்துக்குள் கரடு முழுக்க நாய் கிடந்தது. பழக்கத்தில் மேலே பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான்கு காக்கைகள் இறங்கின. அவையும் அங்கேயே கிடந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்து நானே குழி வெட்டினேன். குழாயில் இரண்டு நாள் சத்தம் இருந்தது. அவள் பஸ்ஸுக்குப் போகிற வழிதான் அது.

மாடு வருவது நிற்கவில்லை. மழைக்கு முன்னால் கர்நாடகா பக்கமிருந்து வேறு நாய்கள் வந்தன. எலும்பும் தோலுமாக, கூட்டமாக. தடியோடு நான் அவளை பஸ் வரை கொண்டுபோய் விட்டு வந்தேன். அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு நாயும் அடையாளம் தெரியாது.