தண்ணீருக்குள் ஒரு வேலி

சாவகச்சேரிக்குத் தெற்கே கடல்நீரேரிச் சேற்றில் நிற்கிறேன். யாழ்ப்பாணத்தார் வளவுக்கு வேலி அடைப்பது தெரியும். இங்கே தண்ணீருக்குள்ளேயே அடைத்திருக்கிறார்கள். பனைமட்டையும் பழைய வலையும். உள்ளே முழங்கால் உயரக் கண்டல் மரக்கன்றுகள், அலையாத்தி என்பார்களே, அவை. பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கன்றுகள் வேலியில்லாமல் நிற்கின்றன. அளந்துகொண்டிருக்கும் கடலியல் ஆய்வாளர் சுகந்தியிடம் எதற்கு வேலி என்று கேட்கிறேன்.

“ஆடு, அண்ணை. உந்த இலையெண்டால் அதுக்கு உயிர். எங்கடை அம்மாவின்ரை ஆடுதான்.”

“பிறகு ஏன் பாதிக்கு மட்டும் வேலி?”

“ஆடு மேய்ஞ்சால் என்ன நடக்குதெண்டு ஒப்பிட்டுப் பாக்க வேணுமெல்லோ?”

ஆனால் வேலியில்லாத கன்றுகளிலும் ஓர் இலைகூடக் குறையவில்லை. சுகந்தி வெறுங்கரையைப் பார்க்கிறார். போனை எடுக்கிறார்.

“அம்மா, என்ரை ஆராய்ச்சிக்கு இடைஞ்சலெண்டு ஆட்டைக் கட்டி வைச்சிருக்கிறியளே? அவிட்டு விடுங்கோ!”