தக்காளி வரிசையில ஒரு கத்திரிச் செடி

எனக்குச் சந்தேகப்படுறதுக்குத்தான் சம்பளம். மறைமலை நகர்ல கார் பாகங்கள் செய்யுற ஒரு கம்பெனியில தரம் பார்க்குற வேலை. லைன்ல இருந்து வர்ற பீஸை எடுத்து, திருப்பி, விரலால தடவி, அளவு சரியான்னு கேஜ் வச்சுப் பார்த்து, சரின்னா பச்சை ட்ரே, இல்லேன்னா சிவப்புப் பெட்டி. இருபது வருஷத்துக்கு மேல இதையே செஞ்சா புத்தியும் அப்படியே ஆயிடும். தெருவுல யாராவது காரணமில்லாம சிரிச்சா, இவன் எதுக்குச் சிரிக்கிறான்னுதான் முதல்ல தோணும். "தாலி கட்டும்போதே என் பல்வரிசையைத்தானே செக் பண்ணிகிட்டு இருந்தீங்க"ன்னு என் வீட்டுக்காரி இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா. பொய். ஒரு பல் கொஞ்சம் கோணல். அது கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட நான் போன் விளையாட்டுல போய் விழுந்தேன். விவசாயம் பண்ற விளையாட்டு. இரும்புலியூர்ல வீடு, தாம்பரத்துல காலையில ஆறு நாற்பது ரயில். உட்கார்ந்ததும் போனை எடுத்து வயலைத் திறந்துடுவேன். மத்தவங்க பூசணி, மிளகாய், சூரியகாந்தின்னு கண்டபடி கலந்து நடுவாங்க. நான் தக்காளி மட்டும்தான். பன்னிரண்டு வரிசை, நூல் பிடிச்ச மாதிரி. பழுத்ததைத் தொட்டா 'டப்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த நாள் எப்போ விடியும்னு இருக்கும். நாள் முழுக்க அடுத்தவன் செஞ்ச தப்பைத் தேடுற ஆளுக்குத் தப்பே இல்லாத ஒரு துண்டு நிலம் கிடைச்சா சும்மாவா?

அந்த விளையாட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கத்து வயல்காரர் உண்டு. ரெண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால். நாம வராத நேரத்துல அவர் நம்ம செடிக்குத் தண்ணி ஊத்தலாம், நம்ம வயல்ல பரிசா ஒரு விதை போடலாம். பேச மட்டும் முடியாது. முன்னாடி பேச வசதி இருந்துச்சாம், ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் அசிங்க அசிங்கமா திட்டிக்கவே கம்பெனி அதை எடுத்துட்டான். மிச்சம் இருந்தது மூணே பொத்தான்: கும்பிடு, சிரிப்பு, கோபம். என் பக்கத்து வயல்காரர் பேரு 'விவசாயி', கூட ஒரு நீள நம்பர். விளையாட்டு வச்ச பேரை மாத்தக்கூட இல்லை. நானும்தான் மாத்தலை, அது வேற விஷயம்.

கம்பெனிக்குள்ள போனை லாக்கர்ல வச்சிடணும். மத்தியானம் வெயில்ல செடியெல்லாம் வாடுற நேரம், நான் கேஜும் கையுமா நிப்பேன். சாயங்காலம் திறந்து பார்த்தா பன்னிரண்டு வரிசையும் நனைஞ்சு நிக்கும். ஒரு வருஷத்துல ஒருநாள்கூடத் தவறினதில்லை. நான் கும்பிடு போடுவேன், அடுத்த நாள் அங்கிருந்து ஒரு கும்பிடு வரும். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அதைப் பார்த்தா எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

அந்தச் சந்தோஷத்துல மண்ணைப் போட்டது பாய். எங்க கம்பெனி டூல் ரூம்ல வேலை செய்யுறவர். பல்லாவரத்துலயே ஏறி, தாம்பரத்துல எனக்கு இடம் பிடிச்சு வைக்கிற நல்ல மனுஷன். அவர் மருமகன் பழைய மகாபலிபுரம் ரோட்டுல ஒரு வீடியோ கேம் கம்பெனியில இருந்தான். ஒரே மெயில்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டானுங்களாம், அதுல இவனும் ஒருத்தன்.

"பேஜாராகீதுப்பா"ன்னு ஆரம்பிச்சார் பாய். "அவன் இன்னொண்ணு சொன்னான், கேளு. ஆளே இல்லாத கேம்ல ஆளு இருக்கிற மாதிரி காட்டுவானுங்களாம். மெஷினே வந்து ஆடுமாம். கூட ஒருத்தன் கீறான்னு நெனச்சுகினு நாம ஆடிக்கினே இருப்போமாம். உன் பக்கத்து வயல்காரன்கூட மெஷினா இருக்கலாம், யாரு கண்டா?"

சொல்லிட்டு அவர் ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டார். நான் போன்ல அந்தப் பேரையே பார்த்துகிட்டு இருந்தேன். யோசிச்சுப் பார்த்தா எல்லாம் பொருந்துச்சு. மாத்தாத பேரு. தவறாத தண்ணி. எந்த மனுஷன் ஒரு வருஷம் முழுக்க ஒருநாள் விடாம அடுத்தவன் செடிக்குத் தண்ணி ஊத்துவான்? எங்க தெருவுல பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்டா நம்ம தொட்டி நிரம்புதான்னு ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கானா?

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. பீஸ் பார்க்குறவன் ஒழுங்காப் பார்க்குறானான்னு தெரிஞ்சுக்க, பழுதுன்னு எங்களுக்கே தெரிஞ்ச ஒண்ணை அவன் ட்ரேல கலந்து விடுவோம். அவன் அதைப் பிடிக்கிறானா, விடுறானான்னு தள்ளி நின்னு பார்ப்போம். அதையே வயல்லயும் செஞ்சேன். நாலாவது வரிசை கடைசிச் செடிக்கு மட்டும் வேணும்னே காலையில தண்ணி ஊத்தாம விட்டேன். மனுஷனா இருந்தா ரெண்டு நாள் பார்த்துட்டு, பொறுப்பில்லாதவன்னு திட்டிட்டுப் போயிடுவான் இல்லையா? சாயங்காலம் பார்த்தா அதுவும் நனைஞ்சிருந்துச்சு. எட்டு நாள் விட்டுப் பார்த்தேன். எட்டு நாளும் நனைஞ்சிருந்துச்சு. காரணமே இல்லாம கோபப் பொத்தானை அமுக்கினேன். பதிலுக்கு ஒரு கோபம்கூட வரலை. வழக்கம்போலத் தண்ணி மட்டும்.

அப்புறம்தான் அந்தக் கத்திரிச் செடி வந்துச்சு. என் ஏழாவது தக்காளி வரிசை, நட்ட நடுவுல, ஊதாப் பூவோட. பார்த்ததும் எனக்கு உடம்பே கூசுச்சு. பிடுங்கிப் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அதே இடத்துல இன்னொண்ணு. அதையும் பிடுங்கினேன். மூணாவது தடவையும் அதே கதை. சரி, மெஷினுக்கு மறை கழண்டிடுச்சு, கம்பெனியில பார்க்க ஆளில்லைன்னு முடிவுக்கு வந்தேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்"னா வீட்டுக்காரி, தோசையைத் திருப்பிப் போட்டுகிட்டே. "தண்ணி ஊத்துற கை யாரோடதா இருந்தா என்னங்க? செடி நனையுதில்ல?"

"ஏமாத்துறானுங்கடி!"

"உங்ககிட்ட இருந்து என்னத்தைப் பிடுங்கிட்டானுங்க?"

தோசைத் தட்டை எடுத்துகிட்டு நகர்ந்தேன். ஆனா ஏமாந்தவனுக்கு உள்ளே எரியுமே, அது எரிஞ்சுது. ஒரு வருஷமா நான் யாருக்குக் கும்பிடு போட்டேன்? அதுதான் எனக்குத் தெரிஞ்சாகணும்.

திங்கட்கிழமை ரயில்ல வயலைத் திறந்தா, செடிக்குப் பதிலா ஒரு அறிவிப்பு. கம்பெனி கை மாறிடுச்சாம். வர்ற வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு விளையாட்டை மூடுறாங்களாம். 'உங்கள் அன்புக்கு நன்றி.' அன்பாம் அன்பு! அந்தக் கோபத்தை யார் மேல காட்டுறது? பக்கத்து வயல் மேலதான் காட்டினேன். 'நீக்கு'ன்னு இருந்ததை அமுக்கினேன். ஒரு நிமிஷத்துக்குள்ள புது வயல்காரர் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார், அழகான பேரோட. நான் கும்பிடு போட்ட அதே நொடியில அங்கிருந்தும் கும்பிடு. பரவாயில்லை, இவராவது ஆளா இருக்காரேன்னு நெனச்சேன். என் அறிவை என்ன சொல்ல!

செவ்வாய்க்கிழமை ஒரு கோரிக்கை வந்துச்சு. பழைய 'விவசாயி' மறுபடி என் பக்கத்து வயலா வர விரும்புறாராம். பேங்க்ல இருந்து பேசுறோம், நம்பர் வந்திருக்கும் சொல்லுங்கன்னு கேட்கிற கூட்டம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. மறுத்துட்டேன். புதன்கிழமை மறுபடி வந்துச்சு. எனக்கேவா அல்வா குடுக்கிறேன்னு அதையும் மறுத்தேன். வியாழக்கிழமை எதுவும் வரலை. பார்த்தியா, நான் சொன்னது சரிதான்னு பாய்கிட்டே பெருமையா சொன்னேன்.

எங்க கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு. வீட்டுக்காரி பல்லாவரம் சந்தைக்கு இழுத்துகிட்டுப் போனா, மாடிக்கு ரோஜாச் செடி வாங்கணும்னு. அவ செடிக்காரர்கிட்ட பேரம் பேசிகிட்டு இருந்தா. நான் நாத்துக் கூடைங்களுக்குப் பக்கத்துல நின்னு, கடைசியா ஒரு தடவை பார்த்துடுவோம்னு போனைத் திறந்தேன். முகப்புல ஒரு பலகை வச்சிருந்தாங்க, போறவங்க எழுதிட்டுப் போக. பாதிக்கு மேல அழுற பொம்மைதான். சிரிச்சுகிட்டேதான் தள்ளிகிட்டுப் போனேன். நடுவுல தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதின ஒண்ணு கண்ணுல பட்டுச்சு.

"என் வலது பக்க வயல்காரருக்கு. தினம் காலையில 6.40-க்கு டாண்ணு வருவீங்க. தக்காளி தவிர எதுவும் நட மாட்டீங்க. வரிசை ஒரு இம்மி கோணாது. பேரும் மாத்தலை. நீங்க மெஷின்னு வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. அதான் நடுவுல கத்திரி நட்டுப் பார்த்தேன், மூணு தடவையும் பிடுங்கிட்டீங்க. இப்போ என்னையே எடுத்துட்டீங்க. மெஷினா இருந்தா பரவாயில்லை. ஆளா இருந்தா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாலாவது வரிசை கடைசிச் செடிக்கு என்ன வியாதி? அது செத்துடுமோன்னு பயந்து, மத்தியானம் முதல்ல அதுக்குத்தான் ஊத்துவேன்."

ஐயோ, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்! சனிக்கிழமை தோறும் நாங்க சிவப்புப் பெட்டியை மேஜை மேல கொட்டி ஒவ்வொண்ணையும் இன்னொரு தடவை பார்ப்போம். அவசரத்துல நல்ல பீஸும் அதுல விழுந்திருக்கும். இரும்புத் துண்டுக்குக் காட்டுற அந்த நியாயத்தை நான் இந்த ஆளுக்குக் காட்டலை.

மணி பன்னிரண்டு எட்டு. அந்த அழகான பேரைத் தூக்கி எறிஞ்சேன். பழைய வயலுக்குக் கோரிக்கை அனுப்பினேன். சந்தைக் கூட்டத்துல சிக்னல் சுத்திகிட்டே இருந்துச்சு. போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுகிட்டு ரோட்டோரம் வரைக்கும் ஓடினேன். கோரிக்கை ஒருவழியா போய்ச் சேர்ந்துச்சு. பலகையில அவர் எழுதினதுக்குக் கீழே, "செடிக்கு வியாதி எதுவும் இல்லைங்க. எனக்குத்தான். மன்னிச்சுடுங்க"ன்னு தட்டினேன். அதைப் பார்ப்பாரா? நேத்து தேதியில எழுதினதாச்சே. ரெண்டு தடவை மறுத்தவன் வாசலுக்கு யார் மறுபடி வருவாங்க?

"ஏங்க, என்னாச்சு? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"ன்னு ரோஜாத் தொட்டியோட ஓடி வந்தா வீட்டுக்காரி. என் கண்ணைப் பார்த்துட்டுப் பயந்துட்டா.

"அது ஆளுடி"ன்னேன். "ஆளு."

அவ தொட்டியைக் கீழே வச்சுட்டு, வெயில் படாம போன் மேல முந்தானையைப் பிடிச்சா.

பன்னிரண்டு இருபத்தஞ்சுக்குக் கோரிக்கை பச்சையாச்சு. இடது பக்கம் பழைய வயல் வந்து ஒட்டிச்சு. தொப்பி போட்ட அந்தப் பொம்மை வாய்க்காலைத் தாண்டி என் வயலுக்குள்ள நடந்து வந்துச்சு. கும்பிடு போட்டேன். அது நேரா ஏழாவது வரிசைக்குப் போய், நட்ட நடுவுல, மூணு தடவை நான் பிடுங்கின அதே இடத்துல, கத்திரி விதையைப் போட்டுட்டுத் தள்ளி நின்னுச்சு.

பழக்கதோஷம், என் விரல் பிடுங்குற பொத்தானுக்கே போச்சு. வீட்டுக்காரி என் மணிக்கட்டைப் பிடிச்சா. விரலை எடுத்து, தண்ணிக் குடத்தைத் தொட்டு, அந்த விதைக்கு ஊத்தினேன்.

கத்திரி முளை விட அஞ்சு நிமிஷம் ஆகும். விளையாட்டை மூட மூணுதான் இருந்துச்சு. ரெண்டு பேரும் அந்த ஈர மண்ணையே பார்த்துகிட்டு நின்னோம்.