ஜாப் ஒர்க்கில் முடிந்த பந்தயக் கார்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் என் தம்பி எல்லோருக்கும் தைலமும் சாக்லேட்டும் வாங்கி வருவான். போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு பெட்டி வந்தது. மேலே படத்தில் சிவப்புப் பந்தயக் கார் ஒன்று பாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கார் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்த இருநூற்றுச் சொச்சம் துண்டுகள், ஒரு ஸ்டிக்கர் தாள், ஜப்பான் மொழியில் ஒரு புத்தகம். பணம் கொடுத்து வாங்கிய சாமானை நாமே உட்கார்ந்து ஒட்டிச் சேர்க்க வேண்டுமாம். எங்கள் ஊரில் இந்த வேலைக்குக் கூலி கேட்பார்கள்.

குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாங்கி வரச் சொன்னதே நான்தான்.

அவர் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை அடுக்கடுக்காக விரித்து, கத்தி மெஷினைப் பிடித்து, கழுத்து வளைவைக் கோடு பிசகாமல் வெட்டிய கை அவருடையது. ஆடி மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை வரவில்லை. பக்கவாதம் என்றார்கள். கால் ஒரு மாதத்தில் சரியானது. பேச்சு அதற்கும் முன்பே வந்துவிட்டது, காபியில் சர்க்கரை இல்லை என்று சொல்லும் அளவுக்கு. கை மட்டும் வரவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பங்காளிச் சண்டை போட்டவை போல ஒன்றையொன்று தொட மறுத்தன.

"மெதுவா வாங்க மாஸ்டர், உங்க டேபிள் எங்கயும் போயிராது" என்றார் முதலாளி. டேபிள் எங்கும் போகவில்லைதான். அடுத்த வாரமே அதன் முன்னால் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். அதே கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். தினமும் அந்த டேபிளைத் தாண்டித்தான் என் சீட்டுக்குப் போக வேண்டும்.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபி கொடுக்க வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். மொச்சையையும் துவரையையும் ஒரே கிண்ணத்தில் கலந்து வைத்து, வலது கையால் பிரித்தெடுக்கச் சொன்னாள். இவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"நான் கட்டிங் மாஸ்டருங்க. பயிறு பொறுக்கறதுக்கு ஊட்ல ஆளிருக்குது."

அந்த ஆளாகிய நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "பயிறுதான்னு இல்லக்கா. அண்ணாச்சிக்குப் பிடிச்ச எதையாவது குடுங்க, சின்னச் சின்ன சாமானா இருந்தாப் போதும். விரல் வேலை செய்யணும். இப்ப விட்டுட்டோம்னா அப்புறம் கை இறுகிரும், சொல்லிட்டேன்."

அவருக்குப் பிடித்தது டிவியில் கார் பந்தயம். அப்படித்தான் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது.

முதல் வாரம் அவர் மேஜை முன்னால் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தார். இடுக்கியால் ஒரு துண்டை எடுப்பார், அது விழும். மறுபடி எடுப்பார், மறுபடி விழும். பக்கத்துக் கண்ணாடி ஒன்று தெறித்துக் கட்டிலுக்கடியில் போனது. நானும் அவரும் டார்ச் அடித்துத் தேடினோம், காருக்கு உயிரே அதுதான் என்பது போல. ஏழு நாளில் டிரைவர் சீட்டின் இரண்டு பாதிகள் மட்டும் ஒட்டின, அதுவும் கோணலாக. புத்தகத்தில் மொத்தம் முப்பத்தோரு படிகள். என் மூளை சும்மா இருக்குமா? இந்த வேகத்தில் போனால் ஷிப்மெண்ட் எப்போது என்று கணக்குப் போட்டது. தை தாண்டும் என்றது.

திருப்பூரில் ஒரு பனியனை யாரும் ஒரே இடத்தில் செய்வதில்லை. நூலைத் துணியாக ஓட்டுவது ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், தைப்பது ஒரு இடம். எல்லாவற்றையும் வெளியே கூலிக்கு, ஜாப் ஒர்க்காகக் கொடுத்துவிட்டு, போன் மேல் போன் போட்டு விரட்டுவதுதான் என் பிழைப்பு. பத்தொன்பது வருஷமாக இதைச் செய்தவளிடம் முப்பத்தோரு படிகள் உள்ள காரைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

"ஏனுங்க, இந்த ஒரு சட்டத்த மட்டும் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறேனுங்க. நம்ம செக்கிங் பொண்ணுங்க நறுக்கிக் குடுத்துருவாங்க. உங்களுக்குச் சுளுவா இருக்கும்."

"செரி" என்றார்.

நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்திரியால் மதிய இடைவேளையில் அவர்கள் ஒரு சட்டத்தை அல்ல, நான் பையில் போட்டுக்கொண்டு போன எல்லாச் சட்டத்தையும் நறுக்கி, வகை வகையாகப் பாலிபேக்கில் போட்டுக் கொடுத்தார்கள். பெயிண்ட் அடிக்கும் வேலை பக்கத்திலிருக்கும் வீரபாண்டிக்குப் போனது. அங்கே பிரிண்டிங் யூனிட்டில் கலர் மாஸ்டர், பெட்டியிலிருந்த படத்தை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து, "மேடம், சிவப்புல மஞ்ச கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க, மூணு ஷேடு போட்டுத் தர்றேன், அப்ரூவல் வாங்கிட்டு வாங்க" என்றார். ஸ்டிக்கர்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்ட வேண்டும் என்று புத்தகத்தில் படம் போட்டிருந்தது. படத்தை யார் பார்த்தார்கள்? கழுத்து லேபிள் ஒட்டுகிற பிரிவில் கொடுத்தேன். அவர்கள் வழக்கம் போல ஹீட் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார்கள். முன்பக்க இறக்கை சுட்ட அப்பளமாக வளைந்தது. கம்பெனியில் மாதிரி பீஸ் தைக்கும் சாம்பிள் டெய்லரம்மா அதை வெந்நீரில் போட்டு நிமிர்த்தி, மீதி ஸ்டிக்கர்களைத் தண்ணீரில் ஊறவைத்து அவரே ஒட்டி, மற்றதையும் அவரே சேர்த்துவிட்டார். தங்கமான கை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒவ்வொரு கட்டத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். இடது கையில் வாங்கிப் பார்ப்பார்.

"நல்லாருக்குது" என்பார். திருப்பிக் கொடுப்பார்.

அந்த "நல்லாருக்குது" நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஒரு வரி மெயிலில் கோபம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவள் நான். சொந்த வீட்டில் அது தெரியவில்லை. தெரியவில்லை என்பது பொய். நேரம் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் கார் முடிந்தது. செக்கிங் மேஜையில் வைத்து நாலு பேர் சுற்றிப் பார்த்துப் பாஸ் போட்டார்கள். ஈரம் உறிஞ்சும் பாக்கெட் ஒன்றையும் உள்ளே போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பெட்டியில் இருந்த படத்தை விட அழகாக இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்த பிசியோதெரபி பெண் மறுநாள் காலை வந்தாள். காரைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்து விரல்களை மடக்கிப் பார்த்தாள். ஒரு சட்டைப் பொத்தானை மேஜையில் வைத்து எடுக்கச் சொன்னாள். அவர் முயன்றார். பொத்தான் மேஜையிலேயே இருந்தது. அவள் முகம் மாறியது.

"கார் ரொம்ப நல்லாருக்குக்கா. இதுல அண்ணாச்சி மாட்டுனது எது?"

காரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோணலாக ஒட்டிய அந்த சீட்டைக்கூட சாம்பிள் டெய்லரம்மா பிரித்துச் சரிசெய்திருந்தார்.

அவர்தான் பேசினார். "அப்ரூவல் பூரா நாந்தானுங்க குடுத்தேன்."

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். அது என்னை அறைந்தது. அவருக்குச் சுளுவாக இருக்கட்டும் என்று நான் அந்த வேலையை வாங்கிப் போகவில்லை. அந்தக் கையிலிருந்து துண்டுகள் விழுந்துகொண்டே இருப்பதை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்க ஒரு வழி தேவைப்பட்டது, எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். அவருடைய கையையும் சேர்த்து ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண் போன பிறகு, "அந்தக் காரை எடுத்துக் குடு புள்ள" என்றார்.

கொடுத்தேன். இடது முழங்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் காரை இடுக்கிக்கொண்டார். வலது கை விரல்களைப் பின்சக்கரத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். சக்கரங்களுக்கு மட்டும் பசை கிடையாது, இழுத்தால் வரும். விரல் வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது. நான் கையை நீட்டினேன்.

"கையை எடு."

எடுத்தேன். கம்பெனியிலிருந்து போன் வந்தது, அடித்து ஓய்ந்தது. அவர் நெற்றியில் வேர்வை இறங்கியது. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் சக்கரம் கழன்று அவர் மடியில் விழுந்தது. அதைத் திரும்ப மாட்ட வேண்டும், அதற்கு முதலில் எடுக்க வேண்டும். இரண்டு விரலையும் அதன் மேல் கொண்டுபோனார். அது உருண்டது. மறுபடி கொண்டுபோனார்.

நான் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.